தலை குனியாத எழுத்தாளர்

அத்தியாயம் 6

காலையில் அவசரமாகக் கிளம்பியதில் மைத்துனன் ஒரு காலில் கறுப்புச் செருப்பையும் இன்னொரு காலில் பழுப்புச் செருப்பையும் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். துப்பறியும் அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போது கடைக்காரர் தலையை நீட்டி, "தம்பி, பார்வையைச் செக் பண்ணிட்டு மேல போ" என்றார்.

துப்பறிவாளர் அவனுடைய அக்காவின் கணவர். வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் கிடந்த தம்பியை, "இவனையும் கூட்டிட்டுப் போங்க, வீட்ல இருந்தா ஃபிரிட்ஜ் காலியாகுது" என்று அக்காதான் அவர் தலையில் கட்டியிருந்தாள்.

மாமா செருப்புகளைப் பார்த்தார். "என்ன மச்சான், ரெண்டு கட்சியிலயும் சேர்ந்துட்டியா?"

"இன்னும் கூட்டணிப் பேச்சு நடக்குது மாமா."

எதிர் நாற்காலியில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜவுளிக் கடையில் வாடிக்கையாளர்களுக்கு உடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுக்கும் தையல்காரி அவள். அவளுடைய கணவன் ஒரு நாவலாசிரியரின் கார் டிரைவர். நான்கு நாளாகக் கைதைக் கணக்கில் காட்டாமல் லாக்கப்பில் வைத்திருந்தார்கள். நாளைக்குக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். உள்ளே போனால் வருடக்கணக்கில் வெளியே வரமுடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

"அவரு ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டாருங்க. ஜன்னலைத் திறந்து விட்டுடுவாரு" என்றாள்.

விவகாரம் இதுதான். நகரத்தில் ஒரு கட்டட கான்ட்ராக்டர் இருந்தார். மாடிப்படிக் கைப்பிடிகளுக்கு போல்ட் போடாமல், ஓட்டையைப் பூச்சு வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்து விற்றவர். அதில் சாய்ந்த ஒரு பெண் கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். 'கைப்பிடி மிக உறுதியானது' என்று கான்ட்ராக்டர் கோர்ட்டில் சத்தியம் செய்து வெளியே வந்தார். பிறகு ஒரு விடியற்காலையில் அதே படிக்கட்டின் உச்சியில், அதே கைப்பிடியோடு அவரை யாரோ கட்டிவைத்திருந்தார்கள். அசைந்தால் கைப்பிடியோடு கீழே போய்விடுவோம் என்று மனிதர் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்தது, வழுவழு டயரில் பஸ் விட்டு ஆளைச் சாகடித்த ஒரு முதலாளி. அவருடைய டிப்போவிலேயே, அவருடைய வழுவழு டயர்களை அடுக்கி, அதற்குள் கழுத்து மட்டும் தெரிய இறக்கிவிட்டிருந்தார்கள். முகத்தில் துணி விழுந்ததும் கழுத்தில் ஏதோ அழுத்தியதும்தான் இருவருக்கும் தெரியும்.

ஊரே உள்ளுக்குள் கைதட்டியது. போலீஸ் மட்டும் ஒரு விஷயத்தை வெளியே சொல்லாமல் வைத்திருந்தது. கான்ட்ராக்டரின் சட்டைப் பையில் ஒரே ஒரு போல்ட் இருந்தது.

சில மாதங்களில் 'கணக்குத் தீர்ப்பவன்' என்ற நாவல் வெளிவந்தது. முதல் பக்கத்திலேயே அந்த போல்ட் இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஓடிப்போய் நாவலாசிரியரைக் கேட்டார். நாவலாசிரியர் கொஞ்சமும் அசரவில்லை. "எல்லாம் என் கற்பனை. சம்பவம் நடக்கறதுக்கு முன்னாடியே எனக்குள்ள உருவாயிடுச்சு. கார்ல போகும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். அதைக் கேட்ட ஒரே ஆள் என் டிரைவர்தான்" என்றார். டிரைவர் ஆறடி உயரம். நாவலின் நாயகனும் ஆறடி உயரம். இன்ஸ்பெக்டருக்கு அதற்குமேல் யோசிக்கிற பழக்கம் கிடையாது.

மூலையிலிருந்த டிவியில் அதே நாவலாசிரியர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். மோவாய் மேலே, கழுத்து விறைப்பாக.

"இந்த நாவல் உங்களுக்குள்ள எப்படிப் பிறந்தது சார்?" என்று ஒரு பெண் உருகிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மழை நாள். சிக்னல்ல ஒரு பெரியவரை ஒருத்தன் அறைஞ்சான். என் ரத்தம் கொதிச்சுது."

"போன வாரம் கனவுல வந்துச்சுன்னாரு" என்றான் மைத்துனன். "அதுக்கு முந்தின வாரம் அம்மாவோட கண்ணீருன்னாரு. ஒரு பிள்ளைக்கு மூணு பிரசவம் மாமா."

மாமா டிவியை அணைத்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் இவரை வழக்கமா எங்க எல்லாம் கூட்டிட்டுப் போவாரு?"

"மீட்டிங்குக்கு. அப்புறம் வாராவாரம் லைப்ரரிக்கு" என்றாள் தையல்காரி. "உள்ள போனா ஒரு மணி நேரம் ஆகுமாம். திரும்பி வரும்போது கையில ஒரு புத்தகம்கூட இருக்காதாம். ஆனா முகத்தைச் சுத்தி வட்டமா சிவந்து போயிருக்குமாம். 'அப்படி மூழ்கிப் படிக்கறாரு'ன்னு இவரு பெருமையா சொல்வாரு. நாவல் வெளிய வந்ததுலேருந்து லைப்ரரிக்கே போறதில்லையாம்."

மாமா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மச்சான், வா. இவருக்கு இந்தக் கதை எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா போதும். நடந்தப்புறம் யார்கிட்டயாவது கேட்டாரா, நடக்கறதுக்கு முன்னாடியே நினைச்சாரா, அதுலதாம்மா இருக்கு உங்க வீட்டுக்காரரோட தலையெழுத்து."

*

நாவலாசிரியரின் வரவேற்பறையில் புத்தகங்களைவிட அவருடைய புகைப்படங்கள் அதிகம். எல்லாவற்றிலும் அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'தலை குனியாத எழுத்தாளர்' என்று பொறித்த கேடயம் ஒன்று நடுவில் தொங்கியது.

"சீக்கிரம் கேளுங்க. சாயங்காலம் விருது விழா. வண்டி ஓட்ட வேற ஆள் இல்லாம நானே தவிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார்.

"அதுக்குத்தான் சார் டிரைவரை உள்ள தள்ளறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்றான் மைத்துனன்.

"நல்ல பையன்தான். என் எழுத்தோட வீரியத்தை அவனால தாங்க முடியல. நான் மன்னிச்சுட்டேன்."

அவருடைய பெருந்தன்மையில் மைத்துனனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவனுடைய வாழ்க்கையைக் காலில் போட்டு மிதித்துவிட்டு, அவனையே மன்னிக்கவும் செய்கிற ஆளை அவன் அன்றுதான் பார்த்தான்.

"நாவலுக்கு என்ன தூண்டுதல்?" என்று மாமா கேட்டார்.

"நெருப்பு. உள்ளுக்குள்ள ஒரு நெருப்பு."

"அல்சரா இருக்கும் சார்."

நாவலாசிரியர் அவனை முறைக்க நினைத்தார். கழுத்து திரும்பவில்லை. எனவே நாற்காலியோடு உடம்பு முழுவதையும் திருப்பி முறைத்தார்.

"கழுத்துல ஏதாவது தொந்தரவா?" என்றார் மாமா.

"எழுத்தாளனோட கழுத்து. யாருக்கும் வளையாது."

"டாக்டர், தெரபின்னு எங்கயாவது..."

"ஒரு தடவைகூட இல்ல. வைத்தியம் சமூகத்துக்குத்தான் தேவை. எனக்கு இல்ல." குரலில் சற்று வேகம் கூடியிருந்தது. "இன்ஸ்பெக்டர் சொன்னாரு, 'நான்தான் செஞ்சேன், நான்தான் செஞ்சேன்'னு தினம் நாலு பைத்தியம் ஸ்டேஷனுக்கு வருதாம். அவ்வளவு தூரம் பாதிச்சிருக்கு என் எழுத்து."

அவர் கையை வீசியதில் பேனா கீழே விழுந்தது. அது அவருடைய காலடியில்தான் கிடந்தது. ஆனால் அவர் குனியவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். சமையலறையிலிருந்து மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எடுத்துக் கொடுத்தாள். நிமிரும்போது மைத்துனனின் செருப்புகள் கண்ணில் பட்டன. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

மாமா விடைபெற்றார். வாசலில் நின்று, "மச்சான், உன் செருப்பைப் பத்தி அவர் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லையே மாமா. ஒரு தடவை காலைத் தூக்கிக்கூடக் காட்டினேன். மதிக்கல."

"அதான் விஷயம்."

*

தெருமுனைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து மாமா அந்த நாவலைப் பிரித்தார். பல பக்கங்களின் ஓரம் மடங்கியிருந்தது.

"இதைப் படி."

மைத்துனன் வாசித்தான். நீதிபதி 'பாலிஷ் போன கறுப்பு ஷூவாக' உள்ளே வந்தார். வில்லன் 'கணுக்காலில் சுருங்கிய காலுறையாக' வந்தான். நாயகனுக்கு ஒரு காதலி இருந்தாள். அவளுடைய கண் எப்படி, மூக்கு எப்படி என்று நானூறு பக்கத்தில் ஒரு வரி இல்லை. கால் நகத்தில் பூச்சு உதிர்ந்திருந்ததைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. நாயகன் வரும்போதெல்லாம் தவறாமல் வெள்ளைக் கான்வாஸ் ஷூ வந்தது. அதில் இடது ஷூ சுண்டுவிரல் பக்கம் பிளேடால் கீறப்பட்டிருந்தது.

"அந்தக் கீறலைப் பத்தி ஒரு விமர்சகர் தனிக் கட்டுரையே எழுதியிருக்காரு" என்றார் மாமா. "சமூகத்தோட ஆறாத காயமாம் அது."

"இவரு எழுத்தாளர் ஆகலைன்னா செருப்புக் கடை வச்சிருப்பாரு மாமா."

"வச்சாலும் நடத்த முடியாது. உன் செருப்பே அவர் கண்ணுக்குத் தெரியலையே. தெரியாது, ஏன்னா அவரால குனிஞ்சு பார்க்க முடியாது. கழுத்து தேஞ்சு போய் அப்படியே நிக்குது. அதை மறைக்கத்தான் தலை குனியாத எழுத்தாளர் பட்டம். இப்ப சொல்லு, குனிய முடியாத ஆளு, ஊர்ல இருக்கறவன் காலையெல்லாம் எப்பப் பார்த்தான்? அதுவும் முகத்தைப் பார்க்காம காலை மட்டும்?"

மைத்துனன் தேநீரை வாயில் வைத்தபடியே யோசித்தான். கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தாரா? அப்படியானால் அது வேறு வகை நாவலாக ஆகியிருக்கும். அப்போதுதான் முகத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் நினைவுக்கு வந்தது. போன வருடம் அக்காவுக்கு முதுகுப்பிடிப்பு வந்தபோது சிகிச்சைக்கு அவன்தான் துணையாகப் போயிருந்தான். அங்கே கட்டிலில் தலைமாட்டுப் பக்கம் ஒரு ஓட்டை இருந்தது. அதில் முகத்தைப் புதைத்துக் குப்புறப் படுக்க வேண்டும். எழுந்தபோது அக்காவின் முகம் அப்பளம் மாதிரி வட்டமாகச் சிவந்திருந்தது.

"பிசியோதெரபி" என்றான்.

"கிளம்பு. லைப்ரரிக்குப் பக்கத்துக் கட்டடம் என்னன்னு பார்ப்போம்."

லைப்ரரிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் தரைத்தளத்தில் 'வலி நிவாரண மையம்' என்று பலகை தொங்கியது.

*

உள்ளே தைல வாசனை அடித்தது. நான்கு கட்டில்கள். நடுநடுவே திரைகள். தெரபிஸ்ட் ஐம்பது வயதுப் பெண்மணி. குள்ளம். மாமாவின் தோளுக்குக்கூட வரமாட்டார். எடுத்த எடுப்பிலேயே மைத்துனனைப் பார்த்து, "ரெண்டு செருப்புக்கும் உயரம் வேற. இன்னும் ஒரு நாள் இப்படி நடந்தா இடுப்பு போயிடும். படு" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க, மாமாதான்..."

"படுடா மச்சான்" என்றார் மாமா.

அவன் குப்புறப் படுத்து ஓட்டைக்குள் முகத்தை வைத்தான். உலகம் ஒரு வட்டமாகச் சுருங்கியது. தரையின் ஓடு, கட்டிலின் சக்கரம், பக்கத்துத் திரைக்கு அடியில் யாரோ ஒருவரின் வெறுங்கால். முகம் என்று எதுவும் இல்லை. அவன் முதுகில் ஒரு கட்டைவிரல் இறங்கியது. அவன் கத்துவதற்குள் ஒரு ஜோடி ஷூ வட்டத்துக்குள் வந்து நின்றது. வெள்ளைக் கான்வாஸ். இடது ஷூவில் சுண்டுவிரல் பக்கம் ஒரு கீறல்.

"மாமா" என்றான், தரையைப் பார்த்து. "கதாநாயகன் என் முதுகு மேலதான் இருக்காங்க."

கட்டைவிரல் நின்றது.

"காயம் எப்படி வந்துச்சும்மா, அந்த ஷூவுக்கு?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"கால் ஆணி. அழுத்துது, அதான் கீறி விட்டேன்" என்றார் தெரபிஸ்ட். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "நீங்க யாருன்னு தெரியல. ஆனா நீங்களாவது நான் சொல்றதைக் கேளுங்க. செஞ்சது நான்தான்."

மைத்துனன் எழுந்து உட்கார்ந்தான். ஆறடி நாயகனை மனதிலிருந்து அழித்துவிட்டு அந்த இடத்தில் இந்தப் பெண்மணியை வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் பிடித்தது.

மாடிப்படியில் விழுந்த பெண் இங்கேதான் நடக்கப் பழகினாள். அந்த வழுவழு டயர் பஸ் மோதி முதுகு போன ஒருவர் அந்த மூலைக் கட்டிலில் மாதக்கணக்கில் கிடந்தார். இருவருடைய வலியையும் தினமும் கையால் தொட்டுப் பார்த்தவருக்கு ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

"அசைய முடியாத ஆளுங்களைக் கட்டில் விட்டுக் கட்டில் மாத்தறதுதான் என் வேலை. அந்த ரெண்டு தடியனுங்களை நகர்த்தறதா பெரிய விஷயம்? ஒரு போர்வை போதும். எங்க அழுத்தினா கை கால் வேலை செய்யாதுன்னும் தெரியும். அந்த முதுகு போன மனுஷன் சிரிச்சே நான் பார்த்ததில்ல. டயருக்குள்ள அந்த பஸ் முதலாளி உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். போல்ட் வச்சதைச் சொன்னேன். கண்ல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு."

"பக்கத்துக் கட்டில்ல யாரு?"

"அந்தத் தலை குனியாதது. கழுத்துக்கு ஒத்தடம் வச்சிருந்தேன். குறட்டை விட்டுக்கிட்டிருந்தான். தூங்கறான்னு நம்பினேன்." அவருடைய உதடு கோணியது. "குறட்டை விட்டுக்கிட்டே கேட்டிருக்கான், பாவி. எல்லாத்தையும் எழுதி, என்னை ஆறடி ஆம்பளையா மாத்திட்டான். ஒரு பொம்பளை இதைச் செய்வான்னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்கன்னு நினைச்சிருப்பான்."

"டிரைவர் உள்ள இருக்காரு" என்றார் மாமா.

"தெரியும். தெரிஞ்ச அன்னிக்கே ஸ்டேஷனுக்குப் போயி எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன். இன்ஸ்பெக்டர் கதைப் புத்தகத்தை மேசை மேல போட்டு, 'அம்மா, ஆள் ஆறடி, இதுல போட்டிருக்கு பாருங்க'ன்னாரு. போல்ட் பத்திச் சொன்னா, 'முதல் பக்கத்துலயே இருக்கே, நாங்களும் படிச்சோம்'ங்கறாரு. எல்லாரும் சேர்ந்து சிரிச்சாங்க. டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்பினாங்க. நேரா அந்த எழுத்தாளன் வீட்டுக்குப் போனேன். 'எங்க கேட்டேன்னு மட்டும் சொல்லு, மத்ததை நான் பார்த்துக்கறேன்'னேன். வாட்ச்மேனை விட்டு வெளிய தள்ளினான்."

மைத்துனன் வாழ்க்கையில் பல குற்றவாளிகள் தப்பி ஓடுவதைப் பார்த்திருக்கிறான். பிடித்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டியும் போலீஸ் பிடிக்காமல் அனுப்பிய குற்றவாளியை இப்போதுதான் பார்க்கிறான். கதைப் புத்தகத்தைச் சாட்சியாகவும் சாட்சியைக் கதையாகவும் எடுத்துக்கொண்ட அந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு கேடயம் செய்து கொடுக்கலாம் போலிருந்தது.

"விழாவுக்கு வர்றீங்களா?" என்று மாமா கேட்டார்.

"வந்தா திரும்பி வர மாட்டேன், இல்ல?"

மாமா பொய் சொல்லவில்லை. தெரபிஸ்ட் கட்டில்களை ஒரு சுற்றுப் பார்த்தார். திரைக்குப் பின்னால் இருந்தவரிடம் நாளைக்கு யார் வருவார்கள், எந்தப் பயிற்சியை விடக் கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டார்.

*

அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் நாவலாசிரியர், அவருக்கு ஒரு பக்கம் இன்ஸ்பெக்டர், இன்னொரு பக்கம் கான்ட்ராக்டர். படிக்கட்டில் கட்டப்பட்டுக் கிடந்ததே கான்ட்ராக்டருக்கு இப்போது புகழாகிவிட்டது. நாவலில் நான்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தார். 'நாலு பேர் வந்தாங்க' என்று முதலில் சொன்னவர், நாவல் வந்த பிறகு 'ஆறடி உருவம்' என்று மாற்றிக்கொண்டிருந்தார்.

மேடைத் திரை மூடியிருந்தது. மாமா போய் இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் உட்கார்ந்தார். தையல்காரி வரிசை ஓரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைத்துனன் திரைக்குப் பின்னால் இருந்தான். திரை இழுப்பவரிடம், "அண்ணே, முழங்கால் வரைக்கும் மட்டும் தூக்குங்க. ஒரு சஸ்பென்ஸ்" என்று சொல்லிவைத்திருந்தான். அவன், இரண்டு மேடைப் பணியாளர்கள், தெரபிஸ்ட் என நான்கு பேர் வரிசையாக நின்றார்கள்.

திரை முழங்கால் அளவுக்கு ஏறி நின்றது.

முதல் வரிசையில் இருப்பவர்களுக்கு மேடைத் தளம் கண்ணுக்கு நேராக இருந்தது. நாவலாசிரியர் குனிய வேண்டிய அவசியமே இல்லாமல் நான்கு ஜோடிக் கால்கள் எதிரே வந்தன. மற்றவர்களுக்கு அவை வெறும் கால்கள். மைத்துனனின் செருப்பைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள்.

நாவலாசிரியர் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அந்த தெரபிஸ்ட் பொம்பளையை யாரு மேடையில விட்டது? வெளிய அனுப்புங்க."

"எந்தப் பொம்பளை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதோ, வெள்ளை ஷூ. அவதான்."

திரை முழுவதும் ஏறியது. வெள்ளை ஷூவுக்கு மேலே, வெள்ளைக் கால்சட்டைக்கு மேலே, குள்ளமாக ஒரு பெண்மணி நின்றார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிய முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

மாமா குரலை உயர்த்தாமல் கேட்டார். "சார், காலையில நீங்க தெரபிக்கே போனதில்லைன்னீங்க. இப்ப முழங்காலுக்குக் கீழ பார்த்தே ஆளைச் சொல்றீங்க."

"நான் எழுத்தாளன். எனக்குக் கவனிப்பு ஜாஸ்தி."

"அப்படியா? என் மச்சான் காலையில உங்க முன்னாடி கால் மணி நேரம் நின்னான். இதே செருப்புதான். அவன் செருப்புல என்ன விசேஷம்னு அப்ப ஏன் தெரியல? நின்னா உங்களுக்குக் கால் தெரியாது சார். குப்புறப் படுத்தாத்தான் தெரியும். உங்க நாவல் முழுக்க அந்தக் கட்டில் ஓட்டை வழியா பார்த்தது. அங்க படுத்துக்கிட்டு, நடந்து முடிஞ்ச கதையைக் கேட்டீங்க. நீங்க கற்பனை பண்ணல. டிரைவர்கிட்ட சொல்லவும் இல்ல."

அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு பரவியது. நாவலாசிரியர் வாயைத் திறந்தார். மழை, கனவு, அம்மா, நெருப்பு என்று நான்கு விடைகள் வைத்திருந்தவருக்கு ஐந்தாவது கிடைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மட்டும் இன்னும் ஒரு நூலைப் பிடித்துத் தொங்கினார். மேடையேறி தெரபிஸ்ட்டின் முன்னால் நின்றார். "அதெல்லாம் இருக்கட்டும். கான்ட்ராக்டர் சார் எடை என்ன, உங்க எடை என்ன? நம்பற மாதிரி சொல்லுங்கம்மா."

"நீங்க எவ்வளவு இருப்பீங்க?" என்றார் தெரபிஸ்ட்.

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு கட்டைவிரல் அவருடைய கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது. இன்ஸ்பெக்டர் விருது பெறுபவருக்காகப் போட்டிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். வலது கை அவருடைய பேச்சைக் கேட்காமல் தொங்கியது. கீழே முதல் வரிசையில் கான்ட்ராக்டர் தன்னையறியாமல் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அதே விரல்தான்" என்றார். சொன்ன பிறகுதான், இத்தனை நாள் ஆறடி உருவத்தை அடையாளம் காட்டியவர் தான்தான் என்பது அவருக்கு உறைத்தது.

"கொஞ்ச நேரத்துல சரியாயிடும். தண்ணி நிறையக் குடிங்க" என்று தெரபிஸ்ட் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். இன்ஸ்பெக்டர் இடது கையால் போனை எடுத்து ஸ்டேஷனைக் கூப்பிட்டார். "அந்த டிரைவரை ஜீப்புல ஏத்தி இங்க கூட்டிட்டு வாங்க" என்றார். சுவர் ஓரம் நின்ற தையல்காரி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜீப் வரும்வரை யாரும் கலையவில்லை. இரண்டு பெண் போலீஸ் வந்து தெரபிஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அவர் அவசரப்படாமல் நாற்காலியில் உட்கார்ந்து, ஷூக்களின் நாடாவை அவிழ்த்து, கழற்றி, மேடையின் நடுவில் ஜோடியாக வைத்தார். அதற்குள் நாவலாசிரியர் மேடைக்கு ஏறி வந்திருந்தார். ஏதாவது பேசினால் நிலைமையைச் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இன்னும் இருந்தது.

"வச்சுக்க" என்றார் தெரபிஸ்ட். "இதுக்கு மேல நீ பார்த்தது எதுவும் இல்ல."

வெறுங்காலோடு அவர் படியிறங்கிப் போனபோது முதலில் ஒருவர்தான் கைதட்டினார். திரும்பிப் பார்த்த மைத்துனனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கைதட்டியது நாவலாசிரியரின் மனைவி. பிறகு அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. தெரபிஸ்ட் செய்தது சரியா தப்பா என்று கோர்ட் சொல்லட்டும். மைத்துனனும் கைதட்டினான். கிண்டல் செய்ய ஒன்றும் தோன்றவில்லை.

டிரைவர் பக்கக் கதவு வழியாக வந்தான். நான்கு நாள் தாடி, கசங்கிய சட்டை. மனைவி ஓடிப்போய் அவனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரிசெய்துகொண்டே அழுதாள்.

நாவலாசிரியர் மேடையிலிருந்து அவனைப் பார்த்தார். அதே மோவாய். அதே விறைப்பு.

"வந்துட்டியா? நல்லது. என்னை வீட்டுல கொண்டு விட்டுடு. மாத்துச் சாவியில எவனோ ஓட்டி வந்து வாசல்ல விட்டுட்டுப் போயிட்டான். வண்டியை எடு."

டிரைவர் மேடையேறினான். ஆறு வருடப் பழக்கம், கால்கள் தானாகவே ஏறின. கைது செய்தபோது வாங்கிவைத்த கார்ச் சாவியை ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பையிலிருந்து எடுத்தான். முதலாளியின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு தரையில் இருந்த இடது ஷூவுக்குள் சாவியைப் போட்டுவிட்டு, திரும்பி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

கூட்டம் கலைந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஷூவுக்குள் கிடந்த சாவியைக் குனிந்து எடுத்துக் கொடுக்க மனைவியைத் தேடினார் நாவலாசிரியர். அவள் முன்னமேயே பஸ்ஸுக்குப் போயிருந்தாள்.

வாசலில் நின்று மைத்துனன் திரும்பிப் பார்த்தான். வெறும் மேடையில், காலடியில் சாவியை வைத்துக்கொண்டு, தலை குனியாத எழுத்தாளர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.